பதினோரு அடிச் சொம்பு

மொச்சப்பட்டியில் புத்திக்குப் பஞ்சமே கிடையாது. எடுத்துச் செலவழித்தால்தானே குறையும்?

அந்த ஊர்ச் சடையப்பனுக்கு ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை. பெண்டாட்டி சீனித்தாய் பிறந்த எருக்கலூரில் ஆயிரம் வருஷத்து விளக்கு ஒன்று கிடைத்துத் தொலைத்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு கரண்டிக் குழம்போடும், "உங்க ஊர்ல என்ன இருக்கு?" என்று கேட்டாள். அதைவிடப் பழசாக ஒன்று எடுத்துக் காட்டாவிட்டால் அவனுக்கு வீட்டில் மரியாதை இல்லை.

கூட்டாளிகள் தவசியும் ஒச்சப்பனும் சேர, உலோகத்தைக் கண்டால் கத்தும் கருவியை வாடகைக்கு எடுத்தார்கள். அது தவசி நின்ற இடத்திலெல்லாம் கத்தியது. பதினேழு குழி தோண்டிய பிறகுதான் தன் இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாண் அவனுக்கு நினைவு வந்தது. நினைவு வந்ததோடு சரி, கழற்றவில்லை.

பதினெட்டாவது குழி சடையப்பன் வீட்டுக் கொல்லையில். அங்கே ஓரடியில் மண் அப்பிய பித்தளைச் சொம்பு ஒன்று அகப்பட்டது. அருங்காட்சியக அதிகாரிக்குப் போன் போட்டார்கள்.

"பழம்பொருளைக் கழுவவே கூடாது. எத்தனை அடியில கிடைச்சுது? ஆழத்துல கிடைச்சாத்தான் பழசு" என்றார் அவர்.

சபை கூடியது.

"அடிக்கு நூறு வருஷம்னு வையி. இது வெறும் நூறு" என்றான் ஒச்சப்பன்.

"எருக்கலூரை முந்தணும்னா?" என்று கேட்டான் சடையப்பன்.

"பதினோரு அடி."

மூன்று நாள் தோண்டினார்கள். சொம்பை அடியில் வைத்து மூடினார்கள். ஒரு பீடி குடித்துவிட்டு மறுபடி தோண்டி எடுத்தார்கள். "ஆயிரத்து நூறு வருஷம்!" என்று மூவரும் கூவினார்கள். சடையப்பனுக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது.

சத்தம் கேட்டு வந்த சீனித்தாய் சொம்பைப் பிடுங்கி, மண்ணை முந்தானையால் துடைத்தாள். "அட பாவிகளா! காணாமப் போன எங்கம்மா வீட்டுச் சீரு! பேரு வெட்டியிருக்கு பாரு: சீனித்தாய், திருமணம், 2004!"

சடையப்பன் முகம் செத்துப்போனது. தவசி யோசித்தான்.

"அதிகாரி ஆழத்தைத்தான கேட்டாரு, எழுத்தைக் கேக்கலையே? சொம்புக்கு ஆயிரத்து நூறு வயசு. அப்ப இவங்க கல்யாணம் நடந்தும் ஆயிரத்து நூறு வருஷம்."

"அப்ப சீனித்தாய் மதினிக்கு வயசு?" என்றான் ஒச்சப்பன்.

"கூடவே ஒரு இருபது."

சடையப்பன் நிமிர்ந்தான். மண்ணும் சேறுமாக நின்ற சீனித்தாய் கை கழுவத் தண்ணீர்க் குடத்தைச் சாய்த்தாள். அவன் பாய்ந்து பிடுங்கினான். "தாயி, கழுவாத! அதிகாரி சொல்லிருக்காரு!"

கையோடு போனும் போட்டான். "சார், சொம்பை விடுங்க. அஞ்சடி உயரத்துல ஒரு கண்ணாடிப் பெட்டி வேணும். சத்தம் வெளிய வராத கண்ணாடியாப் பாத்துப் போடுங்க."