கொடுவா இழுக்கும்போது

"இந்த நடுக்கம் எப்ப நிக்கும், வாத்தியாரே?"

கேட்டவர் ரொசாரி. ஆயுசு முழுக்க விசைப்படகு ஓட்டியவர். புயலில் ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பீடி பற்றவைத்த ஆள்.

வாத்தியார் கிளிட்டஸுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனால் தூண்டிலில் கொடுவா மீன் பிடிக்க அந்தக் கரையில் அவனை விட்டால் ஆளில்லை. ரொசாரி அவனிடம் சிஷ்யனாகச் சேர்ந்தபோது ஊரே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவர் அவன் தோணியில் ஏறிவிட்டார்.

 கிளிட்டஸ் வாளியிலிருந்து உயிர் இறால் ஒன்றை எடுத்து நீட்டினான்.

இன்னும் விடியவில்லை. கடல் கரைக்குள் வளைந்து புகுந்த இடத்தில் தோணி நின்றது. அலையே இல்லை.

"கடிச்ச கொடுவா எல்லாம் என் கையாலதான் போச்சு. அது இழுத்ததும் கை உதறுது. உதறக் கூடாதுன்னு இறுக்கிப் பிடிக்கேன். தூண்டில் தங்கூசி அறுந்துருது."

"ம்."

"கை போச்சு வாத்தியாரே. இன்னைக்கும் அறுந்தா இனி கடல்ல கால் வைக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

 கடலை விட்டால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது?

"இறாலை முள்ளுல கோத்து விடுங்க மாமா," என்றான் கிளிட்டஸ்.

கோர்த்தார். வீசினார். காத்திருந்தார்கள்.

கிழக்கே வெளுத்தது. திடீரென்று மடவை மீன் குஞ்சுகள் கூட்டமாகத் தண்ணீரை விட்டுத் துள்ளின. கீழே எதுவோ துரத்துகிறது.

"வந்துட்டு!" என்றார் ரொசாரி. 

வெடுக்கென்று ஒரே இழுப்பு.

கை உதறியது. முஷ்டி தானாக இறுகியது. தங்கூசி விறைத்து விரலை அறுத்தது.

"போச்சு! போச்சு வாத்தியாரே!"

கிளிட்டஸ் தாவி வந்து அவர் முஷ்டியின் மேல் தன் கையை வைத்தான்.

அந்தக் கை நடுங்கியது. அவர் கையைவிட மோசமாக நடுங்கியது.

ரொசாரி திரும்பிப் பார்த்தார். கிளிட்டஸுக்குத் தாடைகூட ஆடிக்கொண்டிருந்தது.

"உமக்குமா?"

"பேசாதீங்க மாமா, அது ஓடுது!"

ரொசாரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்ததில் முஷ்டி தளர்ந்தது. நடுங்கும் இரண்டு கைகளுக்கு நடுவே தங்கூசி சரசரவென்று ஓடியது.

அறுபடவில்லை.

விட்டார்கள். இழுத்தார்கள். மறுபடி விட்டார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் கத்தினார்கள், கெட்ட வார்த்தைகூட வந்து விழுந்தது. சூரியன் எப்போது மேலே வந்தது என்று இருவருக்குமே தெரியாது.

கடைசியில் கொடுவா தோணிக்குள் விழுந்து பலகையை வாலால் அடித்தது. கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது.

கிளிட்டஸ் மூச்சு வாங்கிக்கொண்டு சாய்ந்தான்.

"மாமா, என்னமோ எப்ப நிக்கும்னு கேட்டீங்களே?"

ரொசாரி வாளிக்குள் துழாவிக்கொண்டிருந்தார். கை இன்னும் உதறியது. எடுத்த இறால் வழுக்கி விழுந்தது. மறுபடி எடுத்தார்.

"அத விடும் வாத்தியாரே. தோணியைத் திருப்பும். அங்க பாரும், மடவை துள்ளுது!"