மூக்கு ராஜாவுக்கு ஒரு திருமுகம்

காசைச் சுண்டினால் அது எந்த ஊர்க் காசு என்று சொல்லிவிடக்கூடிய காதுகள் இருந்த காலத்தில், ஒரு நாட்டில், ஒரு திங்கட்கிழமை காலை சபை கூடியது. யார் யார், எங்கெங்கே இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

மன்னர் சிங்காசனத்தில் இருந்தார். அவர் மடியில் கருங்காலிப் பேழை. அவர் ஆசை ஆசையாகச் சேர்த்த பிறதேசத்துக் காசுகள் அதற்குள் இருந்தன: ஒட்டகம் போட்டது, கப்பல் போட்டது, நடுவே ஓட்டை போட்டது. வலப்புறம் பட்டுத் திண்டில் சாய்ந்திருந்தவர் பொக்கிஷத்தார் திருவேங்கடம். இடப்புறம் மந்திரியின் ஆசனம். மந்திரி தீர்த்தயாத்திரை போய் எட்டு மாதம் ஆகிவிட்டது, அதனால் அது காலி. மூன்றாம் படியில், மன்னர் காலை நீட்டினால் இடிக்கிற இடத்தில், விகடர் ஐயம்பெருமாள். நடுக்கூடத்தில் வெறுந்தரையில் முழங்காலிட்டிருந்தவர் காசு நோட்டம் பார்க்கும் வெள்ளியம்பலம். வாசலுக்கு வெளியே அவர் மனைவி உலகம்மாள். அவளுக்கு இடம் எதுவும் கிடையாது, நின்றாள்.

வெள்ளியம்பலத்தை அங்கே கொண்டுவந்து நிறுத்திய கதை தை மாதத்தில் தொடங்குகிறது. அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்திருந்த நேரம். துறைமுகத்தில் இறங்கிய ஒரு கப்பல் வணிகன் எழுநூறு வெள்ளிக் காசுகள் அடங்கிய பெட்டியைச் சபையில் திறந்து வைத்தான். ஒவ்வொரு காசிலும் எந்த நாட்டு மன்னனோ ஒருவனுடைய தலை. அவன் மூக்கு காசின் விளிம்பைப் போய்த் தொட்டது. சுற்றியிருந்த எழுத்து யாருக்கும் புரியவில்லை. இந்த அச்சை உடைத்துப் போட்டுவிட்டார்கள், இனி இப்படிக் காசு பிறக்காது, வைத்திருக்க வைத்திருக்க விலை ஏறும் என்றான் வணிகன். விலையாக அவன் கேட்டது களஞ்சியத்து நெல் முழுவதும், விதைநெல் உட்பட.

மன்னர் தயங்கினார். தயங்கிய மனிதரை அப்படியே விட்டிருக்கலாம். ஐயம்பெருமாளுக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "மூக்கே இவ்வளவு தூரம் போகிறதென்றால், மகாராஜா, இவன் புகழ் எவ்வளவு தூரம் போயிருக்குமோ" என்றார். மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்த வாய் மூடுவதற்குள் பெட்டியை வாங்கிவிட்டார். நெல்லோடு கப்பல் போய்விட்டது.

ஆனி பிறந்ததும் குடியானவர்கள் சாக்கோடு களஞ்சியத்து வாசலில் வந்து நின்றார்கள். விதைநெல்லுக்குப் பதில் ஆளுக்கொரு மூக்குக் காசு கொடுக்கச் சொன்னார் திருவேங்கடம். அதை எடுத்துக்கொண்டு அவர்கள் வெள்ளியம்பலத்தின் காசுக்கடைக்குப் போனார்கள். எந்த தேசத்துக் காசானாலும் தனக்குரிய வட்டத்தை, அதாவது மாற்றுக்கூலியை, பிடித்துக்கொண்டு, மீதிக்கு உள்ளூர்க் காசு மாற்றித் தருகிறவர் அவர். காசைக் கட்டைவிரல் நகத்தில் நிறுத்திச் சுண்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி சுண்டினார். "பாதிக்கு மேல ஈயம்யா. இது செல்லாது" என்றார்.

இதைத் திருவேங்கடம் மன்னரிடம் கொண்டுபோன விதமே வேறு. செல்லாது என்று அவன் சொன்னது காசை அல்ல, தாங்கள் வாங்கியதை என்றார்.

ஆகவேதான் அந்தத் திங்கட்கிழமை. "நம் நாட்டில் எது செல்லும் என்பதை நாம் சொல்வோம். ஒருவனுடைய கட்டைவிரல் சொல்ல வேண்டியதில்லை" என்றார் மன்னர். அந்த விரலை எடுத்துவிட ஆணை பிறந்தது.

ஐயம்பெருமாள் எழுந்தார். நோட்டக்காரன் பொய் சொல்லியிருந்தால் அல்லவா விரல் போக வேண்டும் என்று கேட்டார். மூன்றாம் படியில் இருப்பவனுக்கு இவ்வளவு செல்வாக்கா என்று ஒன்பது வருஷமாகப் புழுங்கிக்கொண்டிருந்த திருவேங்கடத்துக்கு இது போதுமானதாக இருந்தது. அவர் திண்டிலிருந்து நிமிர்ந்தார்.

"ஐயம்பெருமாள் சொல் இச்சபையில் செல்லாமல் போனதே இல்லை. இக்காசையும் அவரே செல்ல வைக்கட்டும், மகாராஜா."

மன்னருக்கு அது பிடித்துவிட்டது. திருவேங்கடமே தம் கையால் உத்தரவை எழுதினார்: மூக்குக் காசு வெள்ளிக்கிழமைக்குள் நாட்டின் ஓர் எல்லை தொடங்கி மறு எல்லை வரை செல்லக்கடவது, செல்லாவிடில் நோட்டக்காரன் விரலும் விகடன் பதவியும் போகக்கடவன.

செவ்வாய்க்கிழமை ஐயம்பெருமாள் ஒரு மூக்குக் காசோடு கடைத்தெருவுக்குப் போனார். எண்ணெய்ச் செக்குக்காரர் அதைத் தொடவே இல்லை. வெற்றிலைக்காரி தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "வெத்தலைய சும்மாவே கொண்டு போங்க சாமி. இத மட்டும் எங்கிட்ட குடுத்துராதீக" என்றாள். கோயில் வாசலில் தட்டேந்தியிருந்த கிழவர், போட்ட காசை எடுத்து அவர் கையிலேயே வைத்து, அவருக்கு என்ன கஷ்டமோ என்பதுபோலப் பார்த்தார். கூடவே ஒரு உள்ளூர்க் காசையும் வைத்தார்.

புதன்கிழமை காலை சிறைச்சாலைக்கு எதிரே உலகம்மாள் தூக்குச் சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். ஐயம்பெருமாள் தெருவின் அந்த ஓரமாக ஒதுங்கிப் போகப் பார்த்தார். அவள் கூப்பிட்டுவிட்டாள்.

"அண்ணாச்சி, அந்த வெரலு போச்சுன்னா அவருக்கு வேற ஒரு தொழிலும் தெரியாது. மகாராஜாகிட்ட நீங்க எதாச்சும் சிரிப்பாச் சொல்லுங்களேன். உங்களுக்கு வராததா."

"சிரிப்பாச் சொல்லித்தாம்மா அந்தப் பெட்டியே வந்துச்சு" என்றார் ஐயம்பெருமாள். தையில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அதுவரை அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

உலகம்மாள் சட்டி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினாள். "அப்ப சிரிப்பில்லாமலாவது எதாச்சும் சொல்லுங்க" என்றாள்.

ஐயம்பெருமாள் அரண்மனைக்குத் திரும்பும் வழியில் மடியிலிருந்த உத்தரவை எடுத்து, படிக்கத் தெரியாதவர் போல ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தார். ஐந்தாறு தடவை படித்த பிறகு, ஓலை கொண்டு ஓடுபவர்களும் அஞ்சல் குதிரைகளும் தங்கும் சாவடியைப் பார்த்து நடந்தார்.

வெள்ளிக்கிழமை சபையில் எல்லோரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். வெட்டுக்கட்டை ஒன்று மட்டும் புதிதாக வந்திருந்தது. ஐயம்பெருமாள் ஒரு மூக்குக் காசையும் பதினோரு ஓலை நறுக்குகளையும் மன்னர் காலடியில் வைத்தார். மேற்கெல்லையிலிருந்து கிழக்கே துறைமுகம் வரைக்கும் பதினோரு சாவடிகள். ஒவ்வொரு சாவடித் தலைவரும் கையெழுத்திட்டிருந்தார்: இக்காசு இன்று இவ்வழியே சென்றது.

"உத்தரவுப்படி செல்ல வேண்டிய தூரம் சென்று வந்துவிட்டது, மகாராஜா. குதிரையில்."

மன்னரின் மீசை லேசாக அசைந்தது. திருவேங்கடம் அதைக் கவனித்துவிட்டு அவசரமாகக் குறுக்கிட்டார். செல்வதென்றால் சவாரி போவதல்ல, ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்கிக்கொள்வது, இது சிறு பிள்ளைக்கும் தெரியும் என்றார்.

"உத்தரவை எழுதியவர் தாங்கள். கை மாற வேண்டும் என்று அதில் இல்லை. இருந்தாலும் தங்கள் விருப்பப்படியே மாறட்டும்" என்று ஐயம்பெருமாள் காசை எடுத்துக்கொண்டு வலப்புறம் போனார். "முதல் கை பொக்கிஷத்தாருடையதாக இருப்பதுதான் மரியாதை. இந்த மாதத்துப் படியை மூக்குக் காசாகவே பெற்றுக்கொள்ளுங்கள்."

திருவேங்கடம் கையைத் திண்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். "எனக்கு வழக்கம்போல நெல்லாகவே..." என்று தொடங்கினார்.

அந்தச் சொல் சபையில் விழுந்து கிடந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. வாசலுக்கு அப்பால், களஞ்சியத்துப் பக்கம், சாக்கோடு நின்றவர்கள் பேசிக்கொள்வது மட்டும் கேட்டது.

பிறகு மன்னர் சிரித்தார். பேழை மடியிலிருந்து நழுவும்படி சிரித்தார். வெட்டுக்கட்டையை எடுத்துப் போகச் சொன்னார். சபையும் சிரித்தது, திருவேங்கடமும் சிரித்தாக வேண்டியிருந்தது. வெள்ளியம்பலம் மட்டும் தலையைச் சற்றுச் சாய்த்து, கண்ணை மூடி, அந்தச் சிரிப்பைக் கடைசி வரை கேட்டார்.

ஐயம்பெருமாளின் சாதுரியத்துக்குப் பரிசாக மன்னர் ஒரு பை கொடுத்தார். உள்ளே நூறு மூக்குக் காசுகள் இருந்தன.

ஐயம்பெருமாள் பையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வேறு வழி இல்லை. இதோடு அரசர் பேரில் ஒரு திருமுகம் எழுதிக்கொள்ளவும் அனுமதி வேண்டும் என்றார். அரசர் எழுதும் கடிதத்துக்குத் திருமுகம் என்று பெயர். மன்னர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்ததால், எழுதிக்கொள் என்று கையசைத்தார்.

சபை கலைந்த பிறகு மூன்றாம் படியிலேயே உட்கார்ந்து எழுதினார்:

'எந்நாட்டு மன்னரோ அவருக்கு. தங்கள் தலை எழுநூறு எங்களிடம் இருக்கிறது. எங்கள் விதைநெல் தங்கள் தலையைக் கொண்டுவந்த வணிகனிடம் இருக்கிறது. இங்கே ஆடி வரப்போகிறது. தங்கள் தலை தங்கள் நாட்டில் செல்லுமானால், எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொண்டு நெல்லை அனுப்பவும். அங்கேயும் செல்லாதென்றால், அதையாவது எழுதவும்.'

மடித்து அரக்கை உருக்கி ஊற்றினார். விலாசம் எழுத வேண்டிய இடத்தில் எழுத எதுவும் இல்லை. நாட்டின் பெயர் தெரியாது, ராஜாவின் பெயர் தெரியாது. பையிலிருந்து ஒரு காசை எடுத்து, தலை கீழே பார்க்கும்படி அரக்கின் மேல் வைத்தார். அழுத்தப் போனபோது காசு வழுக்கியது.

"தள்ளுங்க அண்ணாச்சி" என்றார் பக்கத்தில் வந்து நின்ற வெள்ளியம்பலம். தம் கட்டைவிரலைக் காசின் மேல் வைத்து அழுத்தினார். சூடு ஏறும் வரை எடுக்கவில்லை. எடுத்தபோது அரக்கில் மூக்கு தெளிவாக விழுந்திருந்தது.

சாவடியிலிருந்து வந்த ஓட்டக்காரன் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "இது எந்த ஊருக்கு, சாமி?"

"தெரியலப்பா. துறைமுகத்துக்கு வர்ற ஒவ்வொரு கப்பல்லயும் இந்த மூக்கக் காட்டிக் கேளு. தெரியும்னு சொல்றவன் கையில குடு."

அவன் கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு கிழக்கே ஓடினான். களஞ்சியத்து வாசலில் நின்றவர்கள் காலிச் சாக்குகளை ஒதுக்கி அவனுக்கு வழிவிட்டார்கள்.