விமானத்தில் வந்த சாந்தகப்பை

ஒரு முறை ஒரு சாந்தகப்பை ஒஸ்லோவிலிருந்து விமானம் ஏறி வன்னிக்கு வந்தது. கல்லுக்குக் கல் சீமெந்துச் சாந்து பூசப் பிறந்த அது, அதுவரை சீமெந்தைத் தொட்டதேயில்லை. அதை வாங்கிக்கொண்டு வந்த அபிதனும் அப்படித்தான். நோர்வேயில் பிறந்து கணினிக்கு முன்னால் வேலை செய்கிற பிள்ளை. இரண்டு கிழமை லீவில், வீடில்லாத ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டிக்கொடுக்க வந்திருந்தான்.

குடும்பம் யோகமலருடையது. புருசன் இல்லை, இரண்டு பிள்ளைகள், ஒரு தறப்பாள் கொட்டில். மாரிமழைக்கு முன் கூரை ஏறாவிட்டால் இந்த வருசமும் வெள்ளத்துக்குள்தான் படுக்கவேண்டும்.

"நான் வந்துவிட்டேன், இனிப் பயமில்லை" என்றது சாந்தகப்பை.

"ஓமோம், மழைக்குச் சொல்லி அனுப்புறம்" என்றது முற்றத்தில் கிடந்த மண்வெட்டி.

யோகமலர் இருந்த ஒரே கதிரையை அபிதனுக்குப் போட்டாள். அவன் இருக்கவில்லை. வெயிலில் நின்று மூன்று வரிசை கல் வைத்தான்.

"வடிவா இருக்குத் தம்பி" என்றார் மேசன் ராசேந்திரம்.

"நல்ல வடிவு" என்றாள் யோகமலர். சாந்தகப்பைக்குத் தலைகால் புரியவில்லை.

அபிதன் சாப்பிடப் போனதும் மேசன் சட்டைப் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து, நூலில் தொங்கவிட்டுப் பார்த்தார். சுவர் இரண்டு விரல் வெளியே தள்ளி நின்றது. சத்தமில்லாமல் மூன்று வரிசையையும் கழற்றித் திரும்பக் கட்டினார். யோகமலர் கல் தூக்கிக் கொடுத்தாள்.

சாப்பிட்டுவிட்டு வந்த அபிதன் தன் கைவேலையை ரசித்து ஒரு படமும் எடுத்துக்கொண்டான்.

இரண்டாம் நாளும் இதே கூத்து. மூன்றாம் நாளும் இதேதான். மணலில் குத்தியிருந்த சாந்தகப்பைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஏன் ஒருவரும் அவனிடம் சொல்லவில்லை?" என்று கேட்டது.

"இவ்வளவு தூரம் பறந்து வந்த விருந்தாளி. முகம் கறுக்கக் கூடாதாம்" என்றது மண்வெட்டி. "முகம் கறுக்கேல்ல. வானம் கறுக்குது, பார்."

"குண்டண்ணை, நீங்களாவது சொல்லுங்களேன்!"

"அவன்ர கையில என்னைக் குடு" என்றது மேசனின் சட்டைப் பைக்குள் இருந்த தூக்குக்குண்டு. "எனக்கு முகம் பாத்துக் கதைக்கத் தெரியாது."

நாலாம் நாள், அபிதனின் கையிலிருந்து சாந்தகப்பை வேண்டுமென்றே வழுக்கி விழுந்தது. விருந்தாளியின் சாமான் ஆயிற்றே என்று மேசன் பாய்ந்து குனிந்தார். பையிலிருந்த தூக்குக்குண்டு அபிதனின் காலடியில் உருண்டது. அவன் அதை எடுத்து, அன்று தான் வைத்த சுவரோரம் நூலைப் பிடித்துப் பார்த்தான்.

"அண்ணை, இது கோணலோ?"

"கோணல் எண்டு சொல்லேலாது தம்பி. சுவர் கொஞ்சம் றோட்டை எட்டிப் பாக்குது."

"அப்ப நேற்று வைச்சது?"

மேசன் தலையைச் சொறிந்தார். அபிதனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காது வரைக்கும் சிவந்துபோய் நின்றான்.

"நான் திரும்பிப் போகவோ?"

"போகாதேங்கோ" என்றாள் யோகமலர். "கல்லுத் தூக்குங்கோ, தண்ணி அள்ளுங்கோ. கல்லுத் தூக்க ஆளில்லாமல்தான் நான் நாலு நாளாக் கூலி வேலைக்குப் போகேல்லை." சொன்ன பிறகு, அளவுக்கு மிஞ்சிச் சொல்லிவிட்டோமோ என்று அவளுக்கே பயம் வந்தது.

அபிதன் சாந்தகப்பையை மேசனின் கையில் கொடுத்துவிட்டு முதல் கல்லைத் தூக்கினான்.

அன்றைக்குப் பிறகு ஒரு கல்லும் கழற்றப்படவில்லை. யோகமலர் கூலிக்குப் போனாள். அபிதனின் உள்ளங்கை கொப்பளித்தது. சாந்தகப்பையின் பளபளப்பு நாலே நாளில் போய்விட்டது, அதற்கு அதில் ஒரு கவலையும் இல்லை. பன்னிரண்டாம் நாள் கூரை ஏறியது.

பதின்மூன்றாம் நாள் பின்னேரம் மழை கொட்டத் தொடங்கியது. கிணற்றடியில் நின்ற அபிதன் ஓடிவந்து வாசலில் காலை வைத்தான்.

"சேத்துக் காலோட உள்ளுக்க வராதையடா! நிலம் இப்பதான் போட்டது!" என்று கத்தினாள் யோகமலர்.

மூலையில் கிடந்த சாமான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. தூரதேசத்து விருந்தாளியை இந்த வீட்டில் ஒருவர் ஏசியது அதுதான் முதல் தடவை.

அபிதன் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, மழையிலேயே காலை நீட்டிக் கழுவினான்.