நடுவர் அடைகாத்த வழக்கு

அரைக்கிணத்துப்பட்டிக்காரர்களை யாரும் குறை சொல்லக் கூடாது. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். தண்ணீர் வரும்வரை தோண்டுங்கள் என்று சொல்லித்தான் கிணறு வெட்டவிட்டார்கள். மூன்றாம் நாள் மழை வந்து குழியில் தண்ணீர் நின்றது. மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அந்த ஊரில் பேச்சியம்மாளுடைய கோழி, பக்கத்து வீட்டுச் சடையாண்டியின் வைக்கோல் போருக்குள் புகுந்து ஒன்பது முட்டை இட்டு அடைக்கு உட்கார்ந்து, மூன்று வாரம் ஆகப்போகிற சமயத்தில்தான் கண்ணில் பட்டது. கோழி என்னுது என்றாள் அவள். போர் என்னுது என்றான் அவன். ஊர்ப் பெரியவர் கருத்தபாண்டி விசாரித்து, முட்டை பேச்சியம்மாளுக்கே என்று தீர்ப்புச் சொன்னார்.

சடையாண்டி விடவில்லை. டவுனில் மனு எழுதுகிறவரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தான்.

"நடுவருக்கு ரெண்டு தரப்போடவும் ஒட்டு உறவு இருக்கக் கூடாதாம். ரெண்டு வீட்லயும் கை நனைச்சிருக்கக் கூடாதாம். இருந்தா தீர்ப்பு செல்லாதாம். போன பொங்கலுக்கு இவரு பேச்சியம்மா வீட்ல முட்டைக் குழம்பு தின்னாரா இல்லையா?"

கருத்தபாண்டி யோசித்தார். "ரெண்டு முட்டை தின்னேன்," என்று ஒப்புக்கொண்டு, தன் தீர்ப்பைத் தானே ரத்து செய்தார். நேர்மையான மனுஷன்.

ஊரில் வேறு யாரைப் பார்த்தாலும் ஒருவர் பேச்சியம்மாளுக்குச் சித்தப்பா, இன்னொருவர் சடையாண்டிக்கு மச்சான். இரண்டும் இல்லாதவர்கள் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டிருந்தார்கள். எல்லாரும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் வெள்ளையப்பன் அந்த வழியாக வந்தான்.

பாவம், அவனுக்கு முப்பத்தெட்டு வயது. கேட்ட இடத்திலெல்லாம் கை விரித்துவிட, கடைசியில் அடுத்த ஊரில் ஒரு பெண் அமைந்திருந்தாள். அன்று மத்தியானம் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தான். இருப்பதிலேயே வெள்ளையான வேட்டி, கையில் பழம், பூ, அல்வாப் பொட்டலம். இதையும் விட்டால் இந்த ஜென்மத்தில் கல்யாணம் இல்லை என்று அவனுக்கே தெரியும்.

"ஐயா, இந்த ஊர்ல யாரையாச்சும் தெரியுமா?" என்று கேட்டார் கருத்தபாண்டி.

"தெரியாதே."

"கை நனைச்சிருக்கீகளா?"

"தண்ணி கேக்கலாம்னுதான் வந்தேன்."

"குடுத்துராதீக!" என்று கத்தினான் சடையாண்டி. ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. வெள்ளையப்பனை வாழ்நாளில் யாரும் ஐயா என்று கூப்பிட்டதில்லை. கொஞ்ச நேரந்தானே என்று சம்மதித்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்கிறவன் வேறு எப்படிச் செய்வான்?

இரண்டு வீட்டுக்கும் நடுவே கயிறு பிடித்து அளந்து, ஒரு கல்லைப் போட்டு அவனை உட்கார வைத்தார்கள்.

"சரி, வழக்கைச் சொல்லுங்க," என்றான்.

"அதெப்படிச் சொல்றது? கேட்டா மனசு ஒரு பக்கம் சாஞ்சிருமே," என்றார் கருத்தபாண்டி.

"கேக்காம எப்படிங்க தீர்ப்புச் சொல்றது?"

"பொறுமையாச் சொல்லுங்க. அவசரமில்ல."

அப்போது பேச்சியம்மாள் ஒரு சட்டச் சிக்கலைக் கிளப்பினாள். முட்டை இன்னும் சடையாண்டியின் வைக்கோலில் இருக்கிறது, அவன் வைக்கோல் சூட்டில் குஞ்சு பொரித்தால் அவனுக்குப் பாத்தியதை வந்துவிடாதா? சடையாண்டியும் சளைக்கவில்லை. மேலே உட்கார்ந்திருப்பது கட்சிக்காரி வீட்டுக் கோழி, அது எப்படி நியாயமாக அடைகாக்கும் என்றான். ஊர் கூடி நெடுநேரம் ஆலோசித்தது.

"ரெண்டு பேர் சூடும் வேண்டாம், பொதுச் சூடு வேணும்," என்றார் கருத்தபாண்டி. "நடுவர் மடிச்சூடுதான் பொதுச் சூடு."

கோழியைக் கூடையில் கவிழ்த்தார்கள். வெள்ளையப்பன் வாயைத் திறப்பதற்குள் ஒன்பது முட்டையும் அவன் மடிக்கு வந்துவிட்டன. எழுந்தால் உடையும். உடைந்தால் வேட்டி போகும். மஞ்சள் கறை வேட்டியோடு போய்ப் பெண் கேட்க முடியுமா? உட்கார்ந்தே இருந்தான்.

மத்தியானம் வந்தது, போனது. ஊரில் யார் வீட்டுச் சோறும் ஆகாது என்பதால் அவனுக்குச் சோறு இல்லை. பெண் வீட்டுக்கு வாங்கிய பழத்தைத் தின்றான். சாயங்காலம் அல்வாவையும் தின்றான். பூவைத் தின்ன முடியாது, அது வாடிப்போனது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு அழுகை வந்தது. சாய்ந்து அழக்கூட வழியில்லை, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எதிர்ப்பக்கத்தார் ஆட்சேபம் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் அவன் துணிந்துவிட்டான். வழக்கை யாரும் சொல்லாவிட்டாலும் ராத்திரி முழுக்க இரண்டு வீட்டாரும் போட்ட சண்டை காதில் விழுந்துதான் இருந்தது.

"முட்டை பேச்சியம்மாளுக்கு. இடம் குடுத்ததுக்கு அதுல ரெண்டு முட்டை சடையாண்டிக்கு. என்னை விடுங்க!"

நல்ல தீர்ப்புதான். ஊரே தலையாட்டிக்கொண்டு முட்டையை எடுக்கக் குனிந்தது. மடியில் ஒன்பது குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன.

"முட்டை எங்க?" என்றான் சடையாண்டி.

யாருக்கும் தெரியவில்லை. வெள்ளையப்பன் எழுந்து நின்றான், குஞ்சுகள் இறங்கி அவன் காலைச் சுற்றின. நாலடி நடந்தான், ஒன்பதும் வரிசையாகப் பின்னால் ஓடின. பேச்சியம்மாள் "பா பா" என்று கூப்பிட்டும் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கருத்தபாண்டி தொண்டையைச் செருமினார். "அடைகாத்தது யாரு?"

"இவரு."

"பொரிச்சது யாரு?"

"இவரு."

"அப்ப இவரு யாரு?"

ஊர் ஒரே குரலில் சொன்னது: "தாய்."

"தாயி தன் பிள்ளைக வழக்குல நடுவரா இருக்கலாமா? இதைவிட ஒட்டு உறவு உலகத்துல உண்டா? தீர்ப்பு செல்லாது!"

செல்லாது என்றதும் இரண்டு தரப்புக்கும் சந்தோஷம், பகையே மறந்துவிட்டது. "பச்ச உடம்பு, காத்துப்படக் கூடாது," என்று பேச்சியம்மாள் ஓடிவந்து அவன் காதை மூடித் துணி கட்டினாள். சடையாண்டி தன் வீட்டிலிருந்து பூண்டுக் குழம்பும் சோறும் கொண்டுவந்தான். இனி நடுவர் இல்லை, சாப்பிடலாம். பசியில் வெள்ளையப்பன் மானத்தைப் பார்க்கவில்லை, உருட்டி உருட்டி விழுங்கினான்.

அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் தகப்பனார் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"நேத்து எம் மகளைப் பாக்க வரேன்னு வெள்ளையப்பன்னு ஒருத்தர் சொல்லியிருந்தாரு. இந்தப் பக்கம் வந்தாரா?"

"மெதுவாப் பேசுங்க," என்று கருத்தபாண்டி அவரை ஓரமாக அழைத்துப் போனார். "இப்பத்தான் பிரசவம் ஆச்சு. ஒன்பது. தாயும் பிள்ளைகளும் சுகம்."

அவர் எட்டிப் பார்த்தார். காதில் துணியோடு, வாய் நிறையச் சோற்றோடு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். மடியில் ஒன்பதும் தூங்கின.

"தரகர் முதல் கல்யாணம்னுல்ல சொன்னாரு!" என்றார் அவர், ஆடிப்போய்.

வெள்ளையப்பன் சோற்றை விழுங்கிவிட்டு அலறினான். "மாமா! இதுக என் பிள்ளைக இல்ல மாமா!"

ஊர் பதறிப்போனது. பெற்ற பிள்ளையை இல்லை என்கிறானே! இது புது வழக்கு. கருத்தபாண்டி வந்தவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க இந்த ஊர்ல கை நனைச்சிருக்கீகளா?"

"இல்ல."

"இவரோட ஒட்டு உறவு?"

"இனிமே இல்ல," என்றார் அவர், அழுத்தமாக.

கயிறு வந்தது. கல்லைத் துடைத்து அவரை உட்கார வைத்தார்கள். அவர் குஞ்சுகளைப் பார்த்தார், வெள்ளையப்பனைப் பார்த்தார், வெகுநேரம் யோசித்தார்.

"அது சரி, தகப்பன் யாரு?" என்று கேட்டார்.

ஊர் முழுக்கச் சடையாண்டியைத் திரும்பிப் பார்த்தது. அவன் வியர்த்துப்போய், வைக்கோல் மட்டுந்தான் தன்னுடையது என்று சத்தியம் செய்தான்.