மயிலாத்தா கார் ஓட்டின கதை

கார் பந்தயத்தில் கப்பு வாங்கி வந்த பண்ணையார் மகன் பிரணவுக்கு, கூலிக்காரி மயிலாத்தாவின் ரேக்ளாக் காளைகள்மேல் ஒரு கண்.

"எல்லா வண்டியும் ஒண்ணுதான். உன் ரேக்ளாவை நான் ஓட்டறேன், என் காரை நீ ஓட்டு. நான் முந்தினா காளைங்க எனக்கு. கார் நியூட்ரல்ல நிக்குது, கியரைப் போட்டாப் பறக்கும்" என்று சிரித்தான்.

பண்ணையார் வீட்டுப் பேச்சைத் தட்ட முடியுமா? மயிலாத்தா காரில் ஏறி உட்கார்ந்தாள்; பிரணவ் ரேக்ளாவில் ஏறினான்.

கொடி அசைந்தது, காளைகள் அசையவில்லை. கயிற்றை உதறினான், அதட்டினான், காலால் ஆக்சிலேட்டரைக்கூடத் தேடினான்.

"வாங்க சாமிகளா" என்றாள் மயிலாத்தா. காளைகள் ரேக்ளாவோடு காரடிக்கே வந்து நின்றன. இறங்கி அவற்றை அவிழ்த்தாள், ரேக்ளா முன்னால் சாய, பிரணவ் மண்ணில் உட்கார்ந்தான். காளைகளைக் காரின் முன்னால் கட்டி, மறுபடி காரில் ஏறி, கியரைத் தொடாமலே எல்லைக்கோட்டைத் தாண்டினாள்.

"இது அழுகுணி ஆட்டம்."

"எல்லா வண்டியும் ஒண்ணுதான்னு சொன்னீங்களே தம்பி. ஏறிக்குங்க, வீட்டுல விட்டுடறேனுங்க."