ஆமை நின்ற பக்கம்

ஏரிக்கரை மணலில் ஓர் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. எருமைகள் அந்த வழியாகத்தான் தண்ணீருக்கு இறங்கும். ஒரு குளம்பு பட்டால் போதும், அத்தனையும் கூழ். குருவி வழக்குப் போட்டுவிட்டது.

அந்தக் காட்டில் நீதிபதிகள் மூவர்: யானை, மந்தி, ஆமை. தீர்ப்பை வாயால் சொல்ல மாட்டார்கள். வழக்குப் போட்டவர் பக்கம் என்றால் மணலில் போய் நிற்பார்கள். இல்லையென்றால் சேற்றில். மணலில் இரண்டு பேர் நின்றால் ஜெயம்.

“எங்களுக்குப் பக்கமே கிடையாது. நியாயம் மட்டும்தான்” என்று யானை ஒவ்வொரு வழக்கிலும் தும்பிக்கையைத் தூக்கிச் சொல்லும். கரையிலேயே குடியிருந்து எல்லா வழக்கையும் பார்த்த குருவியிடம் அது எடுபடுமா? பழைய வழக்கத்தை மாற்றச் சொல்லி யார் வந்தாலும் யானை சேற்றில்தான். சின்னப் பிராணி எதைக் கேட்டாலும் மந்தி மணலில்தான். ஆமை மட்டும்தான் இரண்டுக்கும் நடுவில். கொஞ்சமாகக் கேட்டால் மணலுக்கு வரும். பேராசையாகக் கேட்டால் சேற்றுக்குப் போய்விடும்.

அதன் ஜோடியான ஆண் குருவிக்கு இதெல்லாம் புரியவில்லை. கரை முழுவதையும் கேள் என்று குதித்தது. யானைதான் பெரியது, அதை நாலு வார்த்தை புகழ்ந்து வை என்றது.

“யானைய விடுய்யா. அது எங்க நிக்கும்னு இப்பவே தெரியும். ஆமைக்கு எவ்வளவு கேட்டா பொறுக்குமோ, அவ்வளவுதான் கேக்கணும்” என்றது பெண் குருவி.

விசாரணை நாளில் எருமைக் கடா இளித்தது. இது பரம்பரை வழியாம். ஒரு பிடி இறகுக்காக மந்தையே சுற்றிப் போக வேண்டுமா என்று கேட்டது.

பெண் குருவி ஆமையை மட்டும் பார்த்துப் பேசியது. “வழி எருமைங்களோடதுதான். குஞ்சு பொரிக்கிற வரைக்கும் அந்தப் புளியமரத்துப் பக்கமா இறங்கட்டும். அது போதும்.”

யானை நேராகச் சேற்றில் இறங்கியது. மந்தி ஒரே தாவலில் மணலுக்கு வந்தது. ஆமை மெல்லச் சேற்றைப் பார்த்து நடந்தது. எருமைகள் கெக்கலித்தன. ஆண் குருவி கண்ணை மூடிக்கொண்டது.

பாதியில் ஆமை நின்றது. “பொரிச்ச பிறகு மறுபடியும் வந்து கேக்க மாட்டியே?”

“மாட்டேன்.”

ஆமை திரும்பியது. மணலுக்கு வந்து மந்தியின் பக்கத்தில் உட்கார்ந்தது.

எருமைகள் முனகிக்கொண்டே சுற்றிப் போயின. முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் கரை முழுக்க ஓடின. எல்லாம் தன் யோசனைதான் என்று ஆண் குருவி ஏரி அதிரக் கத்திக்கொண்டு திரிந்தது.

நீதிபதிகள் தம்மைப் பற்றிச் சொல்வதை நம்பாமல் இதுவரை எந்தப் பக்கம் நின்றார்கள் என்று பார்த்து, நடுவில் இருப்பவர் ஒப்புகிற அளவுக்குக் கேட்பவரே ஜெயிப்பார்.