ஏழு எழுத்தில் அறுந்த பெயர்

“டீச்சர், இந்தத் தங்கப்பனை வச்சுக்கிட்டு ஒரு மனுஷன் எப்படி வேலை பார்க்கிறது?”

கேட்டுக்கொண்டே தங்கபாண்டியன் உள்ளே வந்தார்.

ரஹ்மத் டீச்சர் தலையைத் தூக்கவில்லை. பழைய கீபோர்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். அதிலிருந்து முறுக்குத் தூளாகக் கொட்டியது.

பெரியவர்கள் வந்து படித்துப் பரீட்சை எழுதுகிற படிப்பு மையம் அது. ஆறு கம்ப்யூட்டர், ஒரே ஒரு பிரிண்டர். அத்தனையையும் கட்டி மேய்ப்பவர் டீச்சர். வயசு முப்பத்தொன்று.

தங்கபாண்டியன் அங்கே கிளார்க்; தங்கப்பன் பக்கத்து மேஜைக்காரர். ஐம்பதை எட்டப் போகிறவர். மவுஸைத் தொடாமல், கறுப்புத் திரையில் எழுத்தைத் தட்டியே கம்ப்யூட்டரை வேலை வாங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஒரு மாசமாக டீச்சரிடம் பாடம் கேட்கிறார். வாரத்துக்கு ஒரு கட்டளைதான். அதற்கு மேல் டீச்சர் சொல்லித் தருவதில்லை.

“தங்கப்பன் என்ன செஞ்சாரு?”

“பிரிண்டரை அடைச்சு வச்சிருக்கான். வெளியே ஒரு அம்மா நிக்குது. பத்து மணிக்குப் பரீட்சை. ஹால் டிக்கெட் வரல.”

டீச்சர் கீபோர்டை வைத்துவிட்டு எழுந்தார்.

அந்த அம்மா பெயர் வீராயி. பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல். நாற்பத்து மூன்று வயசில் பத்தாம் வகுப்பு எழுதுகிறார். மற்றதெல்லாம் தேறியாயிற்று. கணக்கு மட்டும் இரண்டு தரம் கவிழ்த்துவிட்டது. இன்றைக்கு மூன்றாம் தரம்.

“ஹால் டிக்கெட் போன வாரமே வாங்கிட்டீங்களேம்மா?”

“வாங்கினேன் டீச்சர். காலையில வடிச்ச கஞ்சிக்குள்ள விழுந்துருச்சு. எடுத்துப் பார்த்தா என் மூக்கு மட்டுந்தான் மிச்சம்.”

அதனால்தான் டீச்சர் பத்து நிமிஷத்துக்கு முன்னால் புதுசாக ஒன்றைப் பிரிண்டருக்கு அனுப்பியிருந்தார். பிரிண்டரோ மஞ்சள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு சும்மா கிடந்தது.

மணி ஒன்பது முப்பத்தெட்டு. பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடம் ஒன்றரைக் கிலோமீட்டர். பத்து அடித்தால் கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

“அணைச்சுப் போட்டீங்களா?”

“ரெண்டு தரம் போட்டாச்சு டீச்சர். முழிச்சு எழுந்து, திரும்ப அதே இடத்துல நிக்குது. நீளத் தாள் வேணும்கிறது. நம்மகிட்ட நீளத் தாள் ஏது? எதையோ அனுப்பித் தொலைச்சிருக்கான்.”

“அவரேதானா?”

“நேத்துக் காலையில ஃபேனைத் தன் பக்கமே திருப்பி வச்சுக்கிட்டான். கேட்டா, எனக்குத்தான் வேர்க்குதுங்கிறான். சாயங்காலம் உட்கார்ந்து மேலதிகாரிக்கு ஒரு மனு எழுதினேன். இந்தப் பாழாப்போன பிரிண்டர் அதைக்கூடத் தரல. அமுக்கினேன், அமுக்கினேன். ம்ஹூம்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.”

டீச்சர் அவரை ஒரு தரம் பார்த்தார்.

“உட்காருங்கண்ணே. வரிசையைக் கூப்பிடுங்க.”

கறுப்புத் திரையில் எல், பி, க்யூ என்று மூன்று எழுத்தைத் தட்டினால், பிரிண்டர் முன்னால் யார் யார் தாள் காத்துக் கிடக்கிறது என்று வரிசையாகக் காட்டும். மூன்றாம் வாரத்துப் பாடம். தங்கபாண்டியன் தட்டினார்.

“படிங்க.”

“ஏழு தாள் நிக்குது. கடைசியில உங்க பேரு. அது இந்தம்மா ஹால் டிக்கெட். அதுக்கு முன்னாடி ஆறும் அவனே.”

“பேரை எழுத்தெழுத்தாப் படிங்க.”

“டி, ஹெச், ஏ, என், ஜி, ஏ, பி. அவ்வளவுதான். பேருக்கு ஏழு எழுத்து இடந்தான். மிச்சத்தை வெட்டிருது.”

“யாரு அது?”

“தங்கப்பன். வேற யாரு?”

“என்ன அனுப்பியிருக்காரு?”

“தமிழ்ல பேர் வச்சிருக்கான் டீச்சர். இந்தத் திரைக்குத் தமிழ் தெரியாதே. வரிசையாக் கேள்விக்குறியாப் போட்டு வச்சிருக்கு.”

வாசலில் நின்ற வீராயி எட்டிப் பார்த்தார்.

“சார், அந்தத் தங்கப்பன் சார்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டா என்ன?”

“அவன் நேத்து மத்தியானமே ஊருக்குப் போயிட்டாம்மா. தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. போறவன் வழியை அடைச்சுட்டுப் போயிருக்கான்.”

அவர் டீச்சர் பக்கம் திரும்பினார்.

“டீச்சர், உங்க பாஸ்வேர்டைக் கொடுங்க. யார் தாளை வேணாலும் எடுக்கலாமே, அந்தப் பெரிய பாஸ்வேர்டு. ஆறையும் வாரிப் போட்டுடறேன்.”

“அது வேண்டாம். உங்க பேர்லயே எடுங்க.”

“என் பேர்ல என் தாளைத்தானே எடுக்க முடியும்? போன வாரம் உங்க தாளை எடுக்கப் போயி, உனக்கு உரிமை இல்லைன்னு மூஞ்சியில அடிச்சுதே.”

“அடிச்சா அடிக்கட்டும். முதல் நம்பரைத் தட்டுங்க.”

மணி ஒன்பது நாற்பத்து மூன்று.

தங்கபாண்டியன், வரிசையிலிருந்து தாளை நீக்குகிற எல், பி, ஆர், எம் என்ற கட்டளையைத் தட்டினார். பக்கத்தில் இருநூற்றுப் பதினொன்று என்று நம்பரைப் போட்டார். என்டரை அமுக்கிவிட்டு, அடி விழப்போகிறவர் மாதிரி முகத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அடி விழவில்லை.

“ஒண்ணும் சொல்லலையே டீச்சர்?”

“வரிசையைக் கூப்பிடுங்க.”

கூப்பிட்டார். இருநூற்றுப் பதினொன்று இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு முன்னால் வந்து நின்றது. பிரிண்டர் மறுபடி நீளத் தாள் கேட்டது.

தங்கபாண்டியன் அந்த ஏழு எழுத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. இடது கை விரலை ஒவ்வொன்றாக மடக்கினார். அது தீர்ந்து வலது கைக்கு வந்தார். இரண்டாவது விரலை மடக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

“மனுன்னா நீளத் தாள்லதான் இருக்கணும்னு…”

“மணியாகுதுண்ணே.”

“இன்னும் அஞ்சு இருக்கு.”

“நம்பர் வேண்டாம். நம்பருக்குப் பதிலா ஒரு கோடு போடுங்க. உங்களுது எத்தனை இருந்தாலும் ஒரே தட்டுல போயிரும். அடுத்த வாரத்துப் பாடம். இன்னைக்கே வச்சுக்கங்க.”

என்னுடையது எல்லாம் என்று சொல்ல அந்தக் கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடுதான். தங்கபாண்டியனின் விரல் அதன்மேல் ஒரு நொடி நின்றது. பிறகு அமுக்கினார்.

மஞ்சள் விளக்கு பச்சையாயிற்று. பிரிண்டர் ஒரு தரம் உறுமிவிட்டுத் தாளை இழுத்தது.

வீராயி ஹால் டிக்கெட்டை, கல்லிலிருந்து எடுத்த தோசை மாதிரி இரண்டு விரலால் பிடித்தார்.

“சூடா இருக்கு சார்.”

மணி ஒன்பது நாற்பத்தெட்டு.

“நடந்து போனா ஆகாதும்மா. வண்டியில ஏறுங்க” என்று தங்கபாண்டியன் சாவியைத் தேடினார். சாவி சட்டைப் பையிலேயே இருந்தது.

டீச்சர் மறுபடி கீபோர்டைக் கவிழ்த்துத் தட்ட ஆரம்பித்தார்.

வண்டி பஸ் ஸ்டாண்டைத் தாண்டியது. பின்னால் உட்கார்ந்திருந்த வீராயி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வட்டத்தின் பரப்பளவு. அதை மூன்று தரம் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டார்.

“ஏன் சார், அந்தத் தங்கப்பன் சார் ரொம்பப் பொல்லாதவரோ?”

தங்கபாண்டியன் ஒரு லாரிக்கு வழிவிட்டார்.

“இல்லம்மா. அவருக்கு வேர்வை ஜாஸ்தி. ஃபேனைத் திருப்பி வச்சுக்குவாரு. வேற ஒண்ணும் இல்ல.”

பள்ளிக்கூட வாசலில் கடைசி ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். வீராயி வண்டி நிற்கும் முன்பே இறங்கினார். வாட்ச்மேன் தாளை வாங்கினார். படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

“இப்பத்தான் அடிச்சுதாக்கும். சூடு ஆறல. போங்கம்மா, மாடியில மூணாம் நம்பர் ரூம்.”

வீராயி சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். இரண்டிரண்டு படியாக ஏறினார். வளைவில் திரும்பி மறைந்தார்.

தங்கபாண்டியன் கேட்டுக்கு நடுவிலேயே நின்று அந்தப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே மணி அடித்தது.

“ஐயா, நீங்க யாரு? பரீட்சை எழுத வந்தீங்களா?”

“இல்லங்க. இந்தம்மாவை நேத்துலேருந்து மறிச்சுக்கிட்டு நின்னவன்.”

வாட்ச்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“இப்பவும் மறிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறீங்க. நகருங்க, கேட்டைச் சாத்தணும்.”